சோபா ஓரத்து மேசை: பழையதா, புதியதா?

முதலில் டேப்பை எடுத்து சோபாவின் கைப்பிடி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்துவிடுங்கள். பழைய மேசையா புதிய மேசையா என்ற வாதமெல்லாம் அதற்கு அப்புறம். எண்ட் டேபிளின் மேல்பலகை அந்தக் கைப்பிடியின் மட்டத்திலோ, நாலைந்து செ.மீ. கீழேயோ இருந்தால் வசதி. அதைவிட உயர்ந்தால் முழங்கை இடிக்கும். ரொம்பத் தாழ்ந்தால் கோப்பையை எடுக்கவும் வைக்கவும் குனிந்துகொண்டே இருக்க வேண்டும். பெரும்பாலான சோபாக்களுக்கு இந்த அளவு 55 முதல் 65 செ.மீ.க்குள் வந்துவிடும். மேசையின் நீளம் சோபாவின் ஆழத்தைத் தாண்டி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கவும் கூடாது. நீட்டினால் போகிற வருகிறவர்களின் முழங்காலைப் பதம் பார்க்கும்.

இந்த ஓர் அளவிலேயே இரண்டு தரப்பும் பிரிந்துவிடுகின்றன. பழைய மேசை தன் காலத்து இருக்கைக்காகச் செய்யப்பட்டது. 1950, 60களின் தாழ்வான சோபாக்களுக்குச் செய்ததை இன்றைய பருத்த கைப்பிடி சோபாவுக்குப் பக்கத்தில் போட்டால் குட்டையாகத் தெரியும். புதியதில் உயரத்தைச் சொல்லித் தேடலாம். பழையதில் கிடைத்ததுதான் கிடைத்தது. உயரம் கூடுதலாக இருந்தால் காலை அறுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். நல்ல மேசையாக இருந்தால் அதன் மதிப்பையும் சேர்த்தே அறுக்கிறீர்கள்.

நான் இங்கே பழையது என்று சொல்வது நூறு வயது தாண்டிய அரும்பொருளை அல்ல. முப்பது, ஐம்பது, எழுபது வருடம் யார் வீட்டிலோ உழைத்துவிட்டு விற்பனைக்கு வருகிற சாதாரண மேசைகளை. இவற்றைப் பார்க்கப் போனால் மேல்பலகையின் மினுமினுப்பில் மயங்க வேண்டாம். கவிழ்த்துப் பாருங்கள். காலும் சட்டமும் எப்படிச் சேர்கின்றன? ஒரு கட்டையில் துளை குடைந்து, மற்றதன் முனையை அதற்குள் செருகிப் பசை போட்டிருந்தால் நல்ல அறிகுறி. இழுப்பறை இருந்தால் வெளியே உருவி அதன் மூலையைப் பாருங்கள். விரல் கோத்த மாதிரி டவ்டெயில் இணைப்பு இருக்கிறதா, அதன் பற்கள் எல்லாம் அச்சடித்ததுபோல் ஒரே அளவா, கொஞ்சம் முன்னே பின்னே இருக்கிறதா? அளவு மாறினால் கையால் வெட்டியதாக இருக்க வாய்ப்பு அதிகம். தலையில் கூட்டல் குறி மாதிரி வெட்டு உள்ள ஸ்டார் ஸ்க்ரூ கண்ணில் பட்டால் அதையும் கவனியுங்கள். அந்த வகை பரவலாகப் புழக்கத்துக்கு வந்ததே 1930களின் பிற்பாதியில்தான். ‘1900ஆம் வருடத்து மேசை’ என்று விற்பவர் சொல்லும்போது அடியில் ஸ்டார் ஸ்க்ரூ பல்லைக் காட்டினால், ஒன்று பின்னால் பழுது பார்த்திருக்கிறார்கள், இல்லை கதை விடுகிறார்கள்.

வட்ட மேசைக்கு இன்னொரு சோதனை உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது. மரம் காயக் காய ரேகைக்குக் குறுக்கே சுருங்கும், ரேகையின் நீளத்தில் சுருங்குவது மிகக் குறைவு. அதனால் கட்டி மரத்தில் செய்த பழைய வட்டப் பலகையை இரண்டு திசையிலும் அளந்தால் சில மில்லிமீட்டர் வித்தியாசம் வரும். கச்சிதமான வட்டமாக இருந்தால் அது பிளைவுட் அல்லது எம்.டி.எஃப். (மர நாரை அழுத்திச் செய்த பலகை) மேல் ஒட்டிய வெனீராக, அதாவது மெல்லிய மரத் தகடாக இருக்கலாம், அல்லது அவ்வளவு பழையதே இல்லை.

பழையதின் உண்மையான லாபம் பூச்சில் இருக்கிறது. பல பழைய மேசைகளில் அரக்கிலிருந்து செய்த ஷெல்லாக் பாலிஷ்தான் இருக்கும். சூடான கோப்பையை வைத்தால் வெள்ளை வளையம் விழும், மது சிந்தினால் கரைந்துவிடும். இதையா லாபம் என்கிறாய் என்று கேட்பீர்கள். ஸ்பிரிட்டில் கரைவதால்தான் மேலே பூசுகிற புது ஷெல்லாக் பழைய பூச்சோடு இளகி ஒன்றாகிவிடுகிறது. முழுவதையும் சுரண்டாமலே காயத்தை ஆற்றலாம். பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் வகை வார்னிஷ் பூசிய புதிய மேசை ஈரத்தையும் சூட்டையும் நன்றாகத் தாங்கும், ஆனால் ஆழமாகக் கீறினால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்வது கடினம். பெரும்பாலும் முழுப் பலகையையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் திரும்பப் பூச வேண்டும். இன்றைய வெனீர் பல நேரம் ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது என்பதால், இரண்டாவது முறை தேய்க்கும்போதே அடியில் இருக்கும் பலகை எட்டிப் பார்த்துவிடும்.

சரி, புதியதில் ஒன்றுமே இல்லையா? நிறைய இருக்கிறது. சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டில் நான் யோசிக்காமல் புதியதைத்தான் சொல்வேன். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். அமெரிக்காவே வீட்டு உபயோகத்துக்கு ஈயப் பெயிண்டைத் தடை செய்தது 1978இல்தான். மேசை ஓரத்தைக் கடிக்கிற வயதில் பிள்ளை இருந்தால், பெயிண்ட் உரிந்த பழைய மேசை எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். அப்புறம், லேமினேட், பவுடர் கோட்டிங் போட்ட இரும்பு, டெம்பர்டு கண்ணாடி எல்லாம் ஈரத்துணியால் ஒரு துடை துடைத்தால் போதும் என்ற ரகம். பளிங்கு மட்டும் விதிவிலக்கு. பழையதோ புதியதோ, எலுமிச்சைச் சாறு பட்டால் அதன் மெருகு மங்கிவிடும்.

புதியதில் ஏமாறுகிற இடம் பார்ட்டிகிள் போர்டு, அதாவது மரத்துகளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை. படத்தில் தேக்கு மாதிரியே இருக்கும். ஓரத்தில் தண்ணீர் இறங்கினால் உப்பும், உப்பினால் திரும்பாது. வீடு மாறும்போது கழற்றி மாட்டினால் ஸ்க்ரூ துளை தளர்ந்துவிடும். தூக்கிப் பார்த்துக் கனமாக இருக்கிறதே என்று நம்பாதீர்கள், இந்தப் பலகையும் கனம்தான். வெட்டிய ஓரம் தெரிகிற இடத்தைத் தேடுங்கள்: கால் பொருத்தும் துளை, முதுகுப் பக்கம், மேல்பலகையின் அடி.

உபயோகத்தில் பழையதால் புதியதை வெல்ல முடியாத ஒரு வடிவம் இருக்கிறது. அடிப்பாகம் சோபாவுக்குக் கீழே நுழைய, மேல்பலகை மடிக்கு மேல் வந்து நிற்கிற ‘சி’ மேசை. மடிக்கணினி வைத்துக்கொள்ள, சின்ன அறையில் இடத்தை மிச்சப்படுத்த இதைவிட நல்லது இல்லை. வேடிக்கை என்னவென்றால் இந்த யோசனையே பழசு. எய்லீன் கிரே என்ற வடிவமைப்பாளர் 1920களின் பிற்பாதியில் தென் பிரான்சில் தன் கடலோர வீட்டுக்காக இரும்புக் குழாயும் கண்ணாடியும் வைத்துச் செய்த, உயரத்தை ஏற்றி இறக்கக்கூடிய மேசை ஏறக்குறைய இதே வேலையைத்தான் செய்தது. கட்டடக் கலைஞர் ஈரோ சாரினென் 1957இல் நோல் என்ற மேசை நாற்காலி நிறுவனத்துக்குக் கொடுத்த ஒற்றைத் தண்டு மேசையும் பார்க்கப் புதுசு, வயதில் பழசு. நாற்காலி, மேசைக் கால்களின் நெரிசல் அவருக்கு எரிச்சலாக இருந்தது. நாலு காலை ஒன்றாக்கிவிட்டார். ஃபின்லாந்துக் கட்டடக் கலைஞர் அல்வார் ஆல்ட்டோ 1933இல் வடிவமைத்த மூன்று கால் பிர்ச் ஸ்டூலை இன்றும் செய்கிறார்கள், பலர் வாங்கி சோபா ஓரத்தில் மேசையாகப் போடுகிறார்கள். ஆக, தோற்றத்தை வைத்துப் பழையது புதியது என்று பிரிப்பதில் அர்த்தம் குறைவு.

என் தீர்ப்பு கொஞ்சம் பழையதின் பக்கம் சாயும். மரத்தில், இழுப்பறையோடு வேண்டும் என்றால் பழையதை வாங்குங்கள். அதே செலவில் கிடைக்கும் புதியது பெரும்பாலும் ஒட்டுப் பலகையாகத்தான் இருக்கும். உலோகம், கண்ணாடி, ‘சி’ வடிவம் என்றால் புதியது. சோபாவின் இரு பக்கமும் ஜோடியாகவே போட வேண்டுமென்ற கட்டாயமும் இல்லை. ஒரு பக்கம் பழைய மர மேசை, மறுபக்கம் மெல்லிய இரும்பு மேசை வைக்கலாம்; மேல்பலகைகளின் உயரம் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் கண்ணை உறுத்தாது. இரண்டிலும் விளக்கு வைப்பதாக இருந்தால் விளக்குகளையாவது ஜோடியாக வாங்குங்கள்.

பழையதை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் நேராக சோபா ஓரத்தில் போட்டுவிடாமல், மற்ற மரச் சாமான்களிலிருந்து தள்ளி ஒரு கறுப்புத் துணியோ காகிதமோ விரித்து அதன் மேல் சில வாரம் நிறுத்துங்கள். குண்டூசி முனை அளவு துளைகளின் உட்புறம் வெளிறிப் புதிதாக இருந்து, துணியில் மாவு கொட்டினால் மரத்தைத் துளைக்கும் உளு இன்னும் உயிரோடு இருக்கிறது. துளைகள் கருத்துப்போய், மாவும் கொட்டாமல் இருந்தால் பெரும்பாலும் பழைய கதைதான். புதிய பலகை மேசைக்கும் சில நாள் ஒதுக்கல் நல்லது. பலகையின் பசையிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடு வாயு குறைந்த இ1 ரகமா என்று வாங்கும்போதே கேட்டுவிட்டு, பிரித்த பிறகு வாசனை போகும்வரை காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.