ஸ்னோடிராப்பா, ரெயின் லில்லியா, ஸ்பைடர் லில்லியா: நம்ம சிங்கப்பூர் எச்டிபி அடுக்குமாடி காரிடாருக்கு எது?

ஸ்னோடிராப்ங்கிறது குளிர் நாட்டுல பூக்குற குட்டி வெள்ளை பூ. அது பூத்துருக்க லண்டன் பார்க் வீடியோவ பாத்துட்டு "நம்ம புளோக்ல ஸ்னோடிராப் வளருமா, எவ்ளோ உயரம் வரும்"னு கேக்குறவங்க நெறய பேரு இருக்காங்க. உயரத்த மொதல்லயே சொல்லிடுறேன். சாதாரண ஸ்னோடிராப், கலாந்தஸ் நிவாலிஸ்னு பேரு, 7லேந்து 15 சென்டிமீட்டர் தான், ஒரு ஜான் கூட வராது. எல்வீசியைன்னு இன்னொன்னு கொஞ்சம் பெரிசு, 20, 25 வரைக்கும் போகும். வெள்ளை ரெயின் லில்லி 20லேந்து 30. ஸ்பைடர் லில்லி 60ஐ சுலபமா தாண்டிடும். மூணும் ஒரே குடும்பம், அமரில்லிடேசியே, அதனால தான் கிழங்கு, நீட்டு இலை, வெள்ளை பூன்னு ஒண்ணு போல இருக்கு.

ஆனா உயரம் இங்க ரெண்டாவது பிரச்சனை தான் லா. ஸ்னோடிராப்புக்கு குளிர்காலம்னு ஒண்ணு வேணும், கிழங்கு மண்ணுக்குள்ள பல வாரம் சில்லுனு கெடந்தா தான் ஜனவரி பிப்ரவரில பூ எட்டிப்பாக்கும். நமக்கு ராத்திரியே 24, 25 டிகிரி. கார்டன்ஸ் பை தி பேல ஃபிளவர் டோம்னு ஏசி போட்ட கண்ணாடி தோட்டம் உள்ள போனா நமக்கு ஜில்லுனு இருக்கும், அதுவே 23லேந்து 25 தான், ஸ்னோடிராப்புக்கு அது கோடைகாலம்!

"ஃபிரிட்ஜ்ல வச்சா?"ன்னு அடுத்த கேள்வி வரும். டுலிப் கிழங்க காய்கறி தட்டுல வச்சு பூக்க வைக்கிறவங்க உண்டு, ஆனா ஸ்னோடிராப் கிழங்கு ரொம்ப சின்னது, சீக்கிரம் காஞ்சு போயிடும், அதனால தான் இங்கிலாந்துலயே தோட்டக்காரங்க காஞ்ச கிழங்க அவ்வளவா நம்ப மாட்டாங்க, பூ முடிஞ்சு இலை பச்சையா இருக்கும்போதே தோண்டி நடுறத தான் விரும்புவாங்க. சரி, எப்படியோ இங்க ஒரு தடவ பூத்துடுச்சுன்னே வச்சுக்குவோம், அடுத்த வருஷத்துக்கான சத்த இலை தான் கிழங்குல சேத்து வைக்கணும், நம்ம வெயில்ல அந்த இலை அதுக்குள்ள வதங்கிடும், கத முடிஞ்சது. இன்னொண்ணு, காட்டுலேந்து அளவுக்கு மீறி தோண்டி வித்ததால கலாந்தஸ் இனம் முழுக்க சைட்டிஸ்ங்கிற, காட்டு செடி, விலங்கு வியாபாரத்த கட்டுப்படுத்துற சர்வதேச ஒப்பந்தத்தோட ரெண்டாவது பட்டியல்ல இருக்கு, பர்மிட் எதுவும் எடுக்காம லக்கேஜ்ல போட்டு கொண்டு வர்ற வேலையெல்லாம் வேணாம். விலையும் வகைய பொறுத்து பைத்தியக்காரத்தனமா போகும், 2012ல ஒரே ஒரு கிழங்கு ஈபேல 725 பவுண்டுக்கு போச்சு.

இப்ப ரெயின் லில்லிக்கு வருவோம், என் ஓட்டு இதுக்கு தான். ஊரு தென் அமெரிக்கா, அர்ஜென்டினா உருகுவே பக்கம், சூடு ஒரு பொருட்டே இல்ல. இங்க ரோட்டோரத்துல, பார்க் ஓரத்துலல்லாம் வரிசையா நட்டுருக்கத பாத்துருப்பீங்க, கொஞ்ச நாள் காஞ்சு கெடந்துட்டு நல்ல மழ பெஞ்சா சில நாள்ல மொத்தமா வெள்ளையா பூத்து நிக்கும். காரிடார் தொட்டிக்கு மழ எங்க விழுது? அதனால அந்த மழைய நாம தான் நடிக்கணும், ஒரு ரெண்டு வாரம் தண்ணி கம்மியா விட்டுட்டு ஒரு நாள் நல்லா நனையிற மாதிரி ஊத்துங்க. அரை நாளாவது நேர் வெயில் வேணும், இல்லன்னா புல்லு மாதிரி இலை மட்டும் தான் கெடைக்கும். தட்டுல தண்ணிய தேங்க விடாதீங்க, டெங்கு பரப்புற ஏடிஸ் கொசு வந்தா என்இஏ, அதாவது சுற்றுப்புற வாரியத்தோட அபராதம் வேற.

ஒரு குறை இருக்கு, அத மறைக்கல. ஸ்னோடிராப்போட அழகே தலைய குனிஞ்சு தொங்குறது தான், உள்ள இதழ்ல அந்த சின்ன பச்சை புள்ளியோட. ரெயின் லில்லி மேல பாத்து விரியும். அந்த தொங்குற அழகு தான் வேணும்னா இங்க அதுக்கு நேர் பதில் கெடையாது, பிப்ரவரில இங்கிலாந்து டிக்கெட் போடுங்க.

ஸ்பைடர் லில்லி அழகு தான், சாயங்காலம் வாசன வேற. ஆனா இலை நாலா பக்கமும் பரவும், காரிடார்ல 1.2 மீட்டர் வழி விடணும்னு ரூல் இருக்கே, ஒரு தொட்டி வச்சாலே பாதி இடம் போயிடும். நிலத்தோட இருக்க லேண்டட் வீடோ கீழ கம்யூனிட்டி கார்டனோ இருந்தா தாராளமா வைங்க.

குட்டையான செடின்னா தரையில வச்சா கண்ணுல படாது, அதுக்காக பாரபெட் சுவர் மேல தொட்டிய தூக்கி வச்சுடாதீங்க, கீழ விழுந்தா ஆள் செத்துடும். இடுப்பு உயர ரேக் ஒண்ணு உள்பக்கம் போதும், 25 சென்டிமீட்டர் பூ அப்ப சரியா தெரியும். மூணு கிழங்குமே விஷம், ரெயின் லில்லி கிழங்கு பாக்க சின்ன வெங்காயம் மாதிரியே இருக்கும், பிரிச்சு நடும்போது கிச்சன் மேசைல விட்டுட்டு போகாதீங்க. 2024 செப்டம்பர்லேந்து எச்டிபில பூனை வளக்க அனுமதி வந்ததுக்கு அப்பறம் நெறய வீட்ல பூனை இருக்கு, அதுங்க இலைய கடிக்கும், ரேக்க அதுக்கும் எட்டாத எடமா பாத்து வைங்க.