நிருபரும் விஞ்ஞானியும்: சேலத்துக்கு எந்த வழி தோது?

2016 பிப்ரவரியில் அப்போதைய வேலூர் மாவட்டத்தில், நாட்றம்பள்ளி பக்கம் ஒரு பொறியியல் கல்லூரி வளாகத்தில் பெரிய வெடிச்சத்தம். ஒரு ஓட்டுநர் இறந்துபோனார். விண்கல் விழுந்துதான் இறந்தார் என்று அரசே அறிவித்தது, செய்தி உலகம் முழுக்க ஓடியது. சில நாளில் நாசா தரப்பிலிருந்து மறுப்பு மாதிரி ஒரு கருத்து வந்தது: வெளியான படங்களைப் பார்த்தால் தரையில் நடந்த வெடிப்பு போலத்தான் தெரிகிறது என்று. எனக்கு இன்றும் உறுத்துவது நாசா சொன்னது அல்ல. வைணு பாப்பு வானாய்வகம் இருக்கும் காவலூர் அப்போது அதே வேலூர் மாவட்டத்தில்தான் இருந்தது. அங்கே இருப்பவர்கள் விண்மீன்களைப் பார்ப்பவர்கள், விண்கல் அவர்கள் துறையே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், யாரைக் கேட்கலாம் என்று சொல்லத் தெரிந்தவர்கள். அக்கம்பக்கத்து நிருபர்களில் எத்தனை பேரிடம் அவர்கள் நம்பர் இருந்திருக்கும்?

சேலத்தில் பத்திரிகை டெஸ்க்கில் உட்கார்ந்து மாவட்டச் செய்திகளைத் திருத்துவது என் பிழைப்பு. நிருபரையும் விஞ்ஞானியையும் கோத்துவிட உலகத்தில் என்னென்ன வழிகள் வைத்திருக்கிறார்கள், அதில் நம் ஊருக்கு எது ஒத்துவரும் என்பதுதான் இங்கே கேள்வி.

செய்திக்குறிப்பு

இப்போது நடப்பில் இருப்பது இதுதான். செலவே இல்லை. நிறுவனம் எழுதி அனுப்பும், நாங்கள் சுருக்கிப் போடுவோம். வெளிநாடுகளில் இதன் மேல் இருக்கும் புகார் மிகைப்படுத்தல். 2014-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஒரு ஆய்வு, 20 பிரிட்டன் பல்கலைக்கழகங்கள் வெளியிட்ட 462 செய்திக்குறிப்புகளைப் பிரித்து மேய்ந்தது. வாசகருக்குச் சொல்லும் அறிவுரையை மூல ஆய்வில் இருப்பதைவிட ஊதிப் பெருக்கியவை அவற்றில் 40 சதவீதம். குறிப்பு ஊதியிருந்தால், அதை வைத்து எழுதிய செய்திகளில் 58 சதவீதம் அதே மாதிரி ஊதியிருந்தன. குறிப்பு ஒழுங்காக இருந்த இடத்தில் அந்த அளவு 17 சதவீதம்தான். ஆக, பழி முழுக்க நிருபர் தலையில் விழ வேண்டியதில்லை.

நம் ஊர்ப் பிரச்சினை இதற்கு நேர் எதிர். இங்கே வரும் குறிப்பில் விஷயமே இருக்காது. பயிற்சி முகாம் நடந்தது, இன்னார் தலைமை தாங்கினார், இன்னார் முன்னிலை வகித்தார், இன்னார் வரவேற்றார், இன்னார் வாழ்த்துரை. மூன்று பத்தி முடிந்த பிறகு ‘விஞ்ஞானிகள் புதிய தொழில்நுட்பங்கள் குறித்து விளக்கினர்’ என்று ஒரு வரி. என்ன தொழில்நுட்பம்? அதைக் கேட்கலாம் என்றால் குறிப்பில் போன் நம்பர் இருக்காது. கடைசியில் நன்றியுரை கூறியவர் பெயரோடு முடியும். குழு போட்டோ மட்டும் தெளிவாக இருக்கும்.

மீடியா சென்டர்

இந்த யோசனை பிரிட்டனில் வேர்விட்டது. மரபணு மாற்றப் பயிர், தடுப்பூசி என்று அடுத்தடுத்து வந்த சர்ச்சைகளில் மக்களுக்கு விஞ்ஞானிகள் மேல் நம்பிக்கை ஆட்டம் கண்டது. 2000-ல் பிரபுக்கள் சபைக் குழு ஒன்று அறிவியலும் சமுதாயமும் பற்றி அறிக்கை கொடுத்தது. 2002-ல் லண்டனில் சயின்ஸ் மீடியா சென்டர் தொடங்கியது. ஒரு செய்தி வெடித்தால் சில மணி நேரத்துக்குள் அந்தத் துறை ஆட்களின் கருத்துகளைத் திரட்டி எல்லா நிருபருக்கும் அனுப்பிவிடுவார்கள். பெரிய ஆய்வு வெளிவருவதற்கு முன்பே விஞ்ஞானியையும் நிருபர்களையும் ஒரே அறையில் உட்கார வைப்பார்கள். அப்புறம் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜெர்மனி என்று பரவியது. அமெரிக்காவில் 2017-ல் சைலைன் என்ற பெயரில் இதே மாதிரி ஒரு சேவை வந்தது.

வேகம் என்று பார்த்தால் இதை எதுவும் மிஞ்ச முடியாது. ஆனால் தட்டில் வைத்து மேற்கோள் வந்துவிட்டால் நிருபர் தானாகப் போன் போடுவதை விட்டுவிடுவார். எல்லாப் பத்திரிகையிலும் அதே நாலு பேரின் அதே வாக்கியம் வரும். இந்தக் குற்றச்சாட்டு பிரிட்டனிலேயே உண்டு. அடுத்தது பணம். லண்டன் சென்டர், எந்த ஒரு நிறுவனமும் பொதுவாக மொத்த வருமானத்தில் 5 சதவீதத்துக்கு மேல் தரக் கூடாது என்று வரம்பு வைத்துக்கொண்டது. சேலத்தில் ஒரு சென்டர் வைத்தால் யார் பணம் போடுவார்கள்? சேகோ (ஜவ்வரிசி) ஆலைக்காரர்கள், சுரங்கக்காரர்கள், மருத்துவமனைகள், தனியார் கல்லூரிகள். நாங்கள் எழுத வேண்டிய அறிவியல் செய்தியில் பாதி அவர்களைப் பற்றியதுதான். திருமணிமுத்தாற்றில் ஆலைக்கழிவு கலக்கிறதா என்று கேட்க, ஆலை முதலாளி வாடகை கொடுக்கும் அறைக்குப் போய் உட்காருவது சரிப்படாது.

இடம் மாறி உட்காருவது

விஞ்ஞானியைக் கொண்டுபோய்ப் பத்திரிகை அலுவலகத்தில் உட்கார வைப்பது இன்னொரு வழி. அமெரிக்க அறிவியல் முன்னேற்றக் கழகம் 1970-களிலிருந்து இளம் ஆய்வாளர்களைக் கோடையில் பத்து வாரம் செய்தி நிறுவனங்களுக்கு அனுப்புகிறது. பிரிட்டனில் 1987-ல் இதே மாதிரி ஒரு திட்டம் தொடங்கியது. இதைத் திருப்பிப் போட்ட மாதிரி, எம்.ஐ.டி. 1983-லிருந்து நிருபர்களை ஒரு கல்வியாண்டு முழுக்கப் பல்கலைக்கழகத்தில் வைத்துக்கொள்கிறது.

தரம் என்று கேட்டால் என் ஓட்டு இதற்குத்தான். நடைமுறை என்று கேட்டால் கைவிரிக்க வேண்டியதுதான். தாலுகா நிருபர் பலருக்கு அச்சில் வந்த செய்தியின் அளவைப் பார்த்துத்தான் காசு. ஒரு வாரம் ஆய்வகத்தில் உட்கார்ந்தால் அந்த வாரம் வருமானம் இல்லை. விஞ்ஞானிக்கும் பதவி உயர்வு ஆய்வுக் கட்டுரையைப் பார்த்து வருகிறது, டெஸ்க்கில் உட்கார்ந்ததைப் பார்த்து அல்ல. இருந்தாலும் ஒரே ஒரு மாலை, ஆறு மணியிலிருந்து பக்கம் முடியும் வரை, ஒரு உதவிப் பேராசிரியர் எங்கள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரட்டும் என்று ஆசை. எட்டு காலம் அகலத்துக்கு இருந்த செய்தி நாலு காலமாகி, நாலு காலம் ஒரு விளம்பரம் வந்ததால் பெட்டிச் செய்தியாவதைக் கண்ணால் பார்த்துவிட்டால், ‘நான் அரை மணி நேரம் பேசினேன், ரெண்டு வரி போட்டிருக்கீங்க’ என்ற கோபம் பாதி குறையும்.

செய்தியாளர் பயணம்

இது நம் ஊரிலேயே இருக்கும் ஏற்பாடு. மக்கள் தொடர்பு அலுவலகம் வண்டி ஏற்பாடு செய்து, அரசுத் திட்டங்கள் நடக்கும் இடங்களுக்கு நிருபர்களைக் கூட்டிப்போகும். பயனாளி ரெண்டு பேர் பேசுவார்கள், மதியச் சாப்பாடு, அப்புறம் வீடு. இதைக் கேலி செய்வது எங்களுக்குப் பழக்கம்தான். ஆனால் இதே வண்டியை ஆய்வு நிலையத்துக்குத் திருப்பிவிட்டால் மற்ற எல்லா வழியையும் இது தூக்கிச் சாப்பிட்டுவிடும் என்பது என் கட்சி.

மரவள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். 2020-ல் கேரளத்தில் தென்பட்ட ஒரு புது மாவுப்பூச்சி, சீக்கிரமே சேலம், நாமக்கல் மரவள்ளிக் காடுகளுக்கும் வந்து சேர்ந்தது. தென் அமெரிக்கப் பூச்சி. 1970-களில் ஆப்பிரிக்காவுக்குள் புகுந்து அங்கே கிழங்கை நம்பி வாழ்ந்தவர்கள் வயிற்றில் அடித்தது. அதை அடக்கியது, அதே தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுபோன அனகைரஸ் லோபெசி என்ற குளவி. அந்த வேலைக்குத் தலைமை தாங்கிய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அதே குளவியை பெங்களூரில் இருக்கும் தேசிய வேளாண் பூச்சி வள அமைப்பு, மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்தது. தனிமைப்படுத்திச் சோதித்து, பெருக்கி, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வெளியில் விட்டார்கள்.

இதைச் செய்திக்குறிப்பாக மட்டும் படிக்கும் நிருபர் எப்படித் தலைப்பு கொடுப்பார்? ‘ஆப்பிரிக்காவிலிருந்து வந்த குளவிகள் சேலத்தில் பறக்க விடப்பட்டன’. தப்பு ஒரு எழுத்து இல்லை. ஆனால் படிக்கிறவருக்கு நினைவு வருவது பனைமரத்தில் கூடு கட்டி ஆளையே கொல்லும் கதண்டு. பயந்துபோன விவசாயி மருந்து அடித்தால் மாவுப்பூச்சியைவிடக் குளவிதான் முதலில் சாகும். திட்டமே போச்சு.

வயலில் நின்றால் கதை வேறு. நுனி இலைகள் சுருண்டு குவிந்து கிடக்கும். பிரித்தால் உள்ளே வெள்ளை மாவு. அதில் சில பூச்சிகள் மட்டும் பழுப்பேறி, உடம்பு கெட்டியாகி, உப்பி இருக்கும். குளவி உள்ளே முட்டை வைத்து, புழு பூச்சியைத் தின்று முடித்த கூடு அது. வெளியேறிய துளையைக் கைக்கண்ணாடியில் பார்க்கலாம். குளவியின் நீளமே ஒன்றிரண்டு மில்லிமீட்டர். ‘மனுஷனைக் கொட்டாதா சார்?’ என்று கேட்டால், விஞ்ஞானி சிரித்துக்கொண்டே கையில் விட்டுக் காட்டுவார். அந்தப் போட்டோ ஒன்று போதும், தலைப்பு தானாக மாறிவிடும். ‘குளவி விட்ட காட்டில் மருந்து அடிக்காதீங்க’ என்ற வரி முதல் பத்திக்கு ஏறிவிடும்.

ஏற்காட்டில் இதற்கு மறுபக்கம் தெரிகிறது. மே மாதம் கோடை விழா வந்தால் மாவட்ட நிருபர் அத்தனை பேரும் கொண்டை ஊசி வளைவு இருபதையும் ஏறுகிறார்கள். எத்தனை லட்சம் பூக்களால் எந்த உருவம் செய்தார்கள் என்று எழுதிவிட்டு இறங்குகிறார்கள். அதே ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தேசிய ஆர்க்கிட் தோட்டம் 1963-லிருந்து இருக்கிறது. இந்தச் சேர்வராயன் மலையின் பெயரையே அறிவியல் பெயரில் வைத்திருக்கும் ஒரு மரம் உண்டு, வெர்னோனியா ஷெவராயென்சிஸ். அதைப் பற்றி ஒரு பத்தி போட எங்களுக்குப் பக்கத்தில் இடமும் இருந்தது, மலைக்கு மேலே ஆளும் இருந்தார்கள்.

வாட்ஸ்அப் குழு

நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. முகம் தெரியாதவர்களை வைத்து ஆரம்பித்தால் ஒரு மாதத்தில் காலை வணக்கப் பூக்கள்தான் மிஞ்சும். ஒரு தடவை நேரில் பார்த்து, ஒன்றாகச் சாப்பிட்டவர்கள் வைத்தால் வேலை செய்யும்.

அந்த வித்தியாசம் மழைக்காலத்தில் தெரியும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழைக்கு ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்தது. எங்கே சரிந்தது, எப்போது போக்குவரத்து தொடங்கும் என்பதெல்லாம் விவரமாக வந்தது. ஏன் அங்கே சரிந்தது, அடுத்து எங்கே சரியலாம் என்பது பெரும்பாலும் வரவில்லை. சேலத்தில் நிலவியல் படித்தவர்களுக்குப் பஞ்சமே கிடையாது, கல்லூரியில் துறையே வைத்திருக்கும் ஊர் இது. மாலை ஏழு மணிக்கு எடுத்துப் பேசுகிற பழக்கமுள்ள ஒருவர் நம்பர்தான் தேவை. அந்தப் பழக்கம் மழைக்கு முன்பே வந்திருக்க வேண்டும்.

எந்த வழியானாலும் ஒரு முட்டுக்கட்டை உண்டு: ‘போடுறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு தடவை அனுப்பிடுங்க சார்.’ டெஸ்க் இதற்கு ஒத்துக்கொள்ளாது, ஒத்துக்கொள்ளவும் கூடாது. ஆனால் அவர் சொன்னதாகப் போடும் வாக்கியத்தையும் எண்களையும் போனில் படித்துக் காட்டலாம், அதில் எந்தப் பத்திரிகை தர்மமும் கெடாது. அரசு நிலைய விஞ்ஞானிகள் பலர் ‘மேலிடத்தில் கேட்கணும்’ என்று நழுவுவதற்கும் பயணமே மருந்து. ஆட்சியர் அலுவலகமே கூட்டிவரும் நாளில் அவர்கள் வாய் திறக்கத் தனி அனுமதி தேவைப்படாது.

ஆகவே என் வரிசை இப்படி: ரெண்டு மாதத்துக்கு ஒரு பயணம், அதில் போனவர்களை மட்டும் வைத்து ஒரு குழு, முடிந்தால் வருடத்துக்கு ஒரு விஞ்ஞானிக்கு டெஸ்க்கில் ஒரு மாலை. மீடியா சென்டர் சென்னையில் யாராவது வைக்கட்டும், தமிழில் பேசுகிற ஆட்களைக் கொடுத்தால் நாங்களும் வாங்கிக்கொள்கிறோம். முதல் பயணம் ஏத்தாப்பூருக்கோ சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ இருக்கட்டும். ஏற்காட்டை ரெண்டாவதாக வையுங்கள். முதலிலேயே மலைக்குக் கூட்டிப்போனால் பாதிப் பேர் படகுத்துறைக்குப் போய்விடுவார்கள், அவர்களைத் தேடிப் பிடிப்பதற்குள் ஆர்க்கிட் தோட்டத்தைப் பூட்டிவிடுவார்கள்.