டிஎன்ஏவைத் தேட எது ஏற்றது: குவாண்டம் புள்ளியா, சாயமா?

மதுரையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் பெங்களூரு ஆய்வகங்களுக்கு வரும் மாணவர்கள் ஆய்வுத் திட்டம் எழுத உட்காரும்போது என்னிடம் கேட்கும் கேள்வி இது: கிருமியின் டிஎன்ஏவைக் கண்டறியக் குவாண்டம் புள்ளியை (சில நானோமீட்டரே உள்ள, ஒளிரும் குறைக்கடத்தித் துகள்) எடுப்பதா, பழகிய ஒளிர்சாயத்தையா? 2023-இல் பவெண்டி, புரூஸ், எகிமோவ் ஆகியோருக்கு இந்தப் புள்ளிகளுக்காக வேதியியல் நோபல் கிடைத்தபின் புள்ளியின் மீது ஆசை கூடியிருக்கிறது. எத்தனை மூலக்கூறுகளைத் தேடுகிறீர்கள் என்று நான் முதலில் கேட்பேன்.

அடிப்படை இரண்டுக்கும் ஒன்றுதான். ஒளியை வாங்கிய கொடுப்பான், சில நானோமீட்டர் தள்ளியிருக்கும் ஏற்பானிடம் ஆற்றலைக் கைமாற்றுகிறது. தூரம் கூடினால் இந்தக் கைமாற்றம் மளமளவென்று சரியும். பாதி ஆற்றல் கைமாறும் தூரத்தை இரட்டிப்பாக்கினால் 1.5 சதவீதம்தான் போய்ச் சேரும்.

சாயத்தின் பக்கம் நிற்கும் வலுவான ஆள் மாலிக்யூலர் பீக்கன். தியாகியும் கிரேமரும் 1996-இல் வெளியிட்டது. கொண்டை ஊசி போல மடங்கிய டிஎன்ஏ இழை. ஒரு முனையில் சாயம், மறுமுனையில் அதன் ஒளியை அடக்கும் அணைப்பான். தேடும் இழை வந்து இணைந்தால் மடிப்பு விரிந்து சாயம் ஒளிரும். காசநோய்க்கான ஜீன்எக்ஸ்பர்ட் சோதனை இப்படிப் பல பீக்கன்களைக் கொண்டு, ரிஃபாம்பிசின் என்னும் காசநோய் மருந்துக்குக் கிருமி காட்டும் எதிர்ப்பையும் சேர்த்துக் காட்டுகிறது. பெங்களூருவின் பிக்டெக் நிறுவனம் உருவாக்கிய ட்ரூநாட் என்னும் காசநோய்ச் சோதனைக் கருவியிலும் சாயமும் அணைப்பானும்தான். அங்கே டாக்மேன் முறை: மடிப்பு விரிவதற்குப் பதில், துண்டு வெட்டுப்பட்டுச் சாயம் அணைப்பானை விட்டு விலகும். இரண்டிலும் பிசிஆர் முன்பே டிஎன்ஏவைப் பல்கிப் பெருக்கிவிடுவதால், சாயம் சற்று மங்கலாக இருந்தாலும் கவலையில்லை.

பெருக்காமல், இருக்கும் சில மூலக்கூறுகளையே பார்க்க வேண்டுமென்றால் கதை மாறுகிறது. 2005-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு செய்தது எனக்கு இன்றும் வியப்பு. தேடும் இழையின் ஒரு பாதியில் பயோட்டின் என்னும் சிறு மூலக்கூறைத் தாங்கிய டிஎன்ஏ துண்டு இணையும், மறுபாதியில் சை5 சாயம் தாங்கிய துண்டு. பயோட்டின் வழியாக அந்தக் கூட்டு, பயோட்டினை இறுகப் பிடிக்கும் ஸ்ட்ரெப்டாவிடின் புரதம் பூசிய புள்ளியில் போய் ஒட்டிக்கொள்ளும். 488 நானோமீட்டர் லேசரைச் சை5 ஏறக்குறைய வாங்குவதே இல்லை, புள்ளி நன்றாக வாங்கும். ஆகவே சை5-இன் சிவப்பு தெரிந்தால் அதற்குப் புள்ளிதான் ஆற்றல் தந்திருக்கிறது, அதாவது தேடிய இழை இருக்கிறது. ஒட்டாத துண்டுகளைக் கழுவி நீக்கும் வேலையும் இல்லை. ஒரே புள்ளியில் பல சாயங்கள் சேருவது இன்னொரு பலம்: பாதி ஆற்றல் கைமாறும் தூரத்தைப் போல ஒன்றரை மடங்கு தள்ளி ஒரு சாயம் இருந்தால் 8 சதவீதம் கைமாறும், பத்து இருந்தால் 47. சாயத்தோடு சாயத்தைக் கோத்து இதை எட்டுவது கடினம்.

ஆனால் புள்ளி செல்லப்பிள்ளை. கார்பாக்சில் பூச்சுள்ள புள்ளிகளை மக்னீசியம் கலந்த கரைசலில் விட்டால் திரண்டுவிடக்கூடும். புற ஊதா விளக்கின் கீழ் சீராக மின்னிய குப்பி திட்டுத்திட்டாகி, ஒளி அடியில் படியும். பிசிஆர் கரைசலில் மக்னீசியம் இல்லாமல் முடியாது. சாயத்தை வைக்கும் பழக்கத்தில் மைனஸ் 20-இல் வைத்தாலும் புள்ளி கெடும். 4 டிகிரிதான் அதற்கு இடம். தடித்த பூச்சு தூரத்தைக் கூட்டும், புள்ளியிலுள்ள நச்சு உலோகமான காட்மியம் கழிவுத் தலைவலி தரும்.

சளி மாதிரியில் காசநோய் தேடுபவருக்குப் பீக்கனே போதும். புள்ளியை அங்கே இழுத்து வருவது வீண் செலவு. நுண்ணோக்கியில் தனி மூலக்கூறுகளை எண்ணப் போகிறவர் புள்ளியைத் தயங்காமல் எடுக்கலாம். துண்டுகளுக்கு ஆர்டர் கொடுக்கும் முன், தம் கரைசலில் புள்ளி ஓர் இரவு திரளாமல் நிற்கிறதா என்று மட்டும் பார்த்துவிடட்டும்.