11இல் ஒன்பதா, 32இல் ஒன்பதா?

கிளிநொச்சிப் பக்கத்தில் இரைப்பைப் புற்றுநோய் என்று தெரிந்தால் தெல்லிப்பழைக்கோ மகரகமவுக்கோ பஸ் ஏறவேண்டும். திரும்பும்போது பையில் ஒரு பத்தொலொஜி ரிப்போட், அதாவது வெட்டி எடுத்ததைச் சோதித்த முடிவு, இருக்கும். எங்கள் ஒழுங்கை மாமி ஒருவர் அதை நீட்டி, "தம்பி, இது எத்தினையாம் ஸ்டேஜ்? மனுசன் தப்பிடுவாரோ?" என்றார். என் கண்ணில் பட்டது ஒரு கணக்குத்தான்: 11 நெறிக்கட்டி (நிணநீர்க் கணு) பார்த்ததில் 9இல் நோய்.

அந்த 9ஐ எப்படி வாசிப்பது என்பதில்தான் ஸ்டேஜ் போடும் முறைகளுக்குள் போட்டி.

உலகம் முழுக்க ஓடுவது ரி.என்.எம். (TNM) முறை. கட்டி இரைப்பைச் சுவரில் எவ்வளவு ஆழம், எத்தனை நெறிக்கட்டியில் நோய், தூர உறுப்புக்குப் பரவியதா என்ற மூன்றையும் சேர்த்து ஸ்டேஜ் போடும். நோயுள்ள நெறிக்கட்டி 1–2 என்றால் என்1, 3–6 என்2, 7–15 என்3ஏ, 16உம் அதற்கு மேலும் என்3பி. இந்த முறையின் 7ஆம் பதிப்பு ஸ்டேஜ் போடும்போது கடைசி இரண்டையும் ஒன்றாகவே வைத்திருந்தது. 8ஆம் பதிப்பு பிரித்தது. கீமோ முடித்து ஒப்பரேஷன் செய்தவர்களுக்குத் தனி அட்டவணையும் தந்தது. நல்ல திருத்தம்.

ஜப்பான்காரர் முன்பு எண்ணிக்கையை விட்டு, நெறிக்கட்டி இரைப்பைக்குக் கிட்டவா தூரவா என்று பார்த்தார்கள். ஒவ்வோர் இடத்து நெறிக்கட்டியையும் தனித்தனியாகப் பிரித்துச் சோதனைக்குக் கொடுத்தால்தான் அது சரிவரும். 2010இல் அவர்களும் எண்ணிக்கைக்கு வந்துவிட்டார்கள்.

எண்ணிக்கையிலும் ஓட்டை உண்டு. தேடினால்தானே கிடைக்கும்? மாமாவின் 9உம் என்3ஏ, 32 பார்த்து 9 வந்தவரும் என்3ஏ. குறைந்தது 16 பார்க்கவேண்டும், 30 என்றால் இன்னும் நல்லது என்பது 8ஆம் பதிப்பின் பரிந்துரை. 11 மட்டும் பார்த்தால் ஸ்டேஜ் உள்ளதைவிடக் குறைவாக விழ இடமுண்டு.

இங்கே, பார்த்ததில் எத்தனை பங்கில் நோய் என்று பார்க்கும் விகிதமுறை கைகொடுக்கும். 9/11 என்றால் 82 சதவீதம்; 9/32 என்றால் 28. எனக்கு இது பிடிக்கும், கல்குலேட்டர் போதும். ஆனால் ஒன்றிலும் நோயில்லை என்றால் சறுக்கிவிடும்: 4 பார்த்தாலும் பூச்சியம், 30 பார்த்தாலும் பூச்சியம். அதைச் சரிக்கட்ட வந்தது லொக் ஒட்ஸ். நோயுள்ளவற்றோடு அரை, இல்லாதவற்றோடு அரை கூட்டி, முதலாவதை இரண்டாவதால் வகுத்து மடக்கை எடுப்பார்கள். 4இல் பூச்சியத்துக்கு −0.95, 30இல் பூச்சியத்துக்கு −1.79. கணக்கு அழகுதான், சனம் நிரம்பிய கிளினிக்கில் யார் மடக்கை பார்ப்பது? அதோடு, எந்த எல்லைக்கு மேல் ஆபத்து என்பதில் இந்த இரண்டு முறைக்குமே ஆய்வுக்கு ஆய்வு கோடு மாறுகிறது.

என் கட்சி இதுதான்: ஸ்டேஜ் ரி.என்.எம்.மிலேயே இருக்கட்டும், பார்த்தது 16க்குக் கீழே என்றால் விகிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும்.

"தப்பிடுவாரோ"வுக்குப் பதில் சொல்ல நான் ஆளில்லை. அடுத்த கிளினிக்கில் டொக்டரிடம் கேட்கச் சொல்லி மாமிக்கு ஒரு துண்டில் எழுதிக்கொடுத்தேன்: வெட்டி எடுத்ததில் இருந்ததே 11தானா, இல்லை தேடி எடுத்துப் பார்த்தது 11தானா?