மிட்செல் 300-ஆ, ஜெப்கோ 33-ஆ? பழைய மலிவு ரீல் வாங்கி மீன் பிடிக்க நினைப்பவர்களுக்கு

பழைய தூண்டில் சாமான் சேர்க்க இறங்குகிற யாருக்கும் முதலில் கண்ணில் படுகிற பெயர்கள் இரண்டு. ஒன்று பிரான்சில் செய்த மிட்செல் 300, மற்றது அமெரிக்காவில் பிறந்த ஜெப்கோ 33. இரண்டும் ராடில், அதாவது தூண்டில் கழியில், மாட்டி நரம்பை (தூண்டில் இழையை) சுற்றுகிற ரீல்கள். இரண்டுமே அந்தக் காலத்தில் சாதாரண ஆட்கள் வாங்கிப் புழங்கிய சரக்கு. லட்சக்கணக்கில் விற்றதால்தான் இன்றும் பழைய சாமான் குவியலில் சல்லிசாக அகப்படுகின்றன. நான் மிட்செல் பக்கம் போனவன், இன்னும் அங்கேதான் இருக்கிறேன். அதனால் இதை நடுநிலையான அலசல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்று. அலமாரியில் அடுக்கிவைத்து அழகு பார்க்க மட்டும் வாங்குகிறவர்களுக்கு இது உதவாது. அவர்களுக்குப் பெட்டி இருக்கிறதா, கையேடு இருக்கிறதா, பெயின்ட் உரிந்திருக்கிறதா என்பதுதான் கணக்கு. தண்ணீருக்கு எடுத்துப்போய், மண்ணில் வைத்து, மழையில் நனைத்து, மறுபடியும் துடைத்துப் பயன்படுத்துகிற ரீலைப் பற்றித்தான் நான் பேசுகிறேன்.

ஜெப்கோவுக்கு உரியதை முதலில் கொடுத்துவிடலாம். ஓக்லஹோமாவின் டல்சாவில் எண்ணெய்க் கிணற்றுக்கு வெடி செய்துகொண்டிருந்த ஒரு கம்பெனிதான் 1949-ல் ரீல் செய்ய ஆரம்பித்தது. ஆர்.டி. ஹல் என்கிறவரின் யோசனை அது. 33 வந்தது 1954-ல். மூடிய மூக்கு, கட்டைவிரலுக்கு ஒரு பட்டன், அவ்வளவுதான். அழுத்திப் பிடி, வீசும்போது விடு. சிறு பிள்ளையிடம் கொடுத்தால்கூடச் சிக்கல் போடாமல் வீசிவிடும். முதல்முறை தூண்டில் பிடிப்பவர்களைக் கூட்டிப்போகிறீர்கள் என்றால் மேலே படிக்கவே வேண்டாம், 33-ஐ வாங்குங்கள். பட்டன் ரீல் ராடின் மேல்பக்கம் உட்காரும் என்பதால் அதற்கேற்ற ராடும் தேட வேண்டியிருக்கும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

ஆனால் அந்த மூடிதான் தொல்லையும். நரம்பு, அது சுற்றியிருக்கிற உருளையான ஸ்பூலிலிருந்து சுருண்டு வந்து முன்னால் உள்ள சின்னத் துளை வழியாக வெளியேற வேண்டும், அந்த உரசலில் தூரம் போய்விடும். அதைவிடப் பெரிய குறை, உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. நரம்பு முறுக்கிக்கொண்டதா, தளர்ந்து அடியில் சுற்றிக்கொண்டதா, மணல் புகுந்ததா எல்லாம் மூடியைத் திருகிக் கழற்றினால்தான் தெரியும். கழற்றினால் முறுக்கோடு இருக்கிற நரம்பு துள்ளி வெளியே வரும். கரையில் உட்கார்ந்து அதோடு மல்லுக்கட்டியவர்களுக்குத் தெரியும் அந்த எரிச்சல். நரம்பின் கொள்ளளவும் குறைவு, மீன் இழுக்கும்போது நரம்பை அளவாக விட்டுக்கொடுக்கிற பிரேக்கான டிராக்கும் பெரிய மீனுக்கு ஆனது இல்லை.

சரி, மிட்செலுக்கு வருவோம். ஸ்விஸ் எல்லைக்குப் பக்கத்தில் உள்ள க்ளூஸ் என்கிற ஊர் கடிகாரத் தொழிலுக்குப் பேர்போனது. அங்கே கார்ப்பானோ எ போன்ஸ் என்கிற நிறுவனம், மோரீஸ் ஜாக்மேன் வடிவமைப்பில், இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு பெரிய அளவில் செய்து தள்ளிய ரீல் இது. அமெரிக்காவில் அதை இறக்குமதி செய்த கார்சியா கம்பெனியின் பேரில் விற்றது. அதனால்தான் பல ரீல்களில் இரண்டு பெயரும் சேர்ந்தே இருக்கும். முட்டை வடிவ உடம்பு, கறுப்பு பெயின்ட், திறந்த ஸ்பூல். கையில் எடுத்தால் கனம் தெரியும், 300 கிராமுக்கு மேல். இன்றைய ரீலோடு ஒப்பிட்டால் சுற்றும் வேகமும் குறைவு. கைப்பிடியை ஒரு முறை சுற்றினால் முன்பகுதி நாலு சுற்று வராது. அவசரப்பட்டு இழுக்க வேண்டிய லூருக்கு (செயற்கை இரைக்கு) அதே உடம்பில் வந்த 410 தேவலை, அது வேக கியர் போட்டது. ஈயக்குண்டு கட்டி இரை போட்டுக் காத்திருப்பவருக்கு 300 போதும்.

வீசும் தூரம், சுற்றும் மென்மை, பழைய ரீலின் மணம் என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். எனக்கு எல்லாவற்றையும் முடிவுசெய்தது ஒரே கேள்வி: அரை நூற்றாண்டு பழைய கிரீஸை எப்படி வெளியே எடுப்பது?

ஏனென்றால் பழைய ரீல் எதை வாங்கினாலும் முதலில் நடப்பது இதுதான். உள்ளே இருக்கிற கிரீஸ் கிரீஸாக இருக்காது. காய்ந்து, பழுப்பாக, மெழுகு மாதிரி கியர் பல்லுக்கு இடையில் உறைந்திருக்கும். கைப்பிடி கனமாகச் சுற்றும். விற்கிறவர் "மெஷின் ஸ்ட்ராங்" என்பார். அந்த நிலையில் அப்படியே எண்ணெய் விட்டுச் சுற்றினால் கொஞ்ச நேரம் இளகும், அப்புறம் பழைய மெழுகும் புது எண்ணெயும் சேர்ந்து அரைக்கிற பசையாகிவிடும். திறந்து, கழுவி, புதுசாகப் போட்டே ஆக வேண்டும்.

300-ஐத் திறப்பது எப்படி என்று பாருங்கள். ரீல் பின்னோக்கிச் சுற்றாமல் தடுக்கிற பின்சுழல் தடையைப் போட்டுவிட்டுக் கைப்பிடியை எதிர்ப்பக்கம் சுற்றினால் கழன்று கையில் வந்துவிடும். பக்கத்தட்டின் திருகுகளை எடுத்தால் தட்டு திறக்கும், மொத்தக் கியரும் கண்ணெதிரே. பெரும்பாலான 300-களில் ஸ்பூல் டிராக் குமிழின் நடுவில் உள்ள பட்டனை அமுக்கினாலே தனியாக வந்துவிடும். தேவை வாய் சரியாகப் பொருந்துகிற ஒரு ஸ்க்ரூடிரைவர், மண்ணெண்ணெய், பழைய பல் தேய்க்கும் பிரஷ். ஸ்பூலைச் சுற்றி ஓடுகிற முன்பக்கச் சுழலியை அவிழ்க்காமலே வழக்கமான சுத்தம் முடிந்துவிடும். ஸ்க்ரூடிரைவர் வாய் மட்டும் பொருந்தாமல் போனால் திருகுத் தலை சிதைந்துவிடும். பழைய ரீல்களில் அப்படிச் சிதைந்த தலையைப் பார்த்தாலே முன்பு யாரோ அவசரத்தில் கைவைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஒரு இடத்தில் மட்டும் நிதானம் வேண்டும். பெரிய கியரைத் தூக்கும்போது அதன் முதுகில் காகிதம் மாதிரி மெல்லிய வாஷர் பழைய கிரீஸில் ஒட்டிக்கொண்டிருக்கும். ரீலுக்கு ரீல் எண்ணிக்கை மாறும், சிலதில் இரண்டு மூன்றுகூட இருக்கும். கண்ணுக்குத் தெரியாமல் கியரோடு மண்ணெண்ணெய்க் கிண்ணத்துக்குப் போய், கழுவிய அழுக்கோடு சாக்கடைக்கும் போய்விடும். அது இல்லாமல் பூட்டினால் கியர் ஒரு மயிரிழை உள்வாங்கி, சுற்றும்போது கரகரவென்று அரைக்கும். எதைக் கழற்றும் முன்னும் போனில் ஒரு படம், கழற்றிய ஒவ்வொன்றும் வெள்ளைத் துணியில் வரிசையாக. இவ்வளவு போதும். திரும்பப் பூட்டும்போது கியரில் கிரீஸை அள்ளி அப்பாதீர்கள், பல்லில் மெல்லிசாகத் தடவினால் போதும். அச்சுக்கும், நரம்பை ஸ்பூலில் சுற்றிவிடுகிற வளைந்த பெயில் கம்பியின் உருளைக்கும் ஒரு சொட்டு எண்ணெய்.

ஜெப்கோவிலும் திறக்கலாம், திறக்கவே முடியாது என்று சொல்லவில்லை. முன்மூடி, அதற்குள் நரம்பைப் பிடிக்கிற சின்ன முள் உள்ள சுழலி, அதற்கடியில் ஸ்பூல், அதற்கும் பின்னால் கியர் என்று ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கிறது. முதல்முறை செய்பவருக்கு ஒவ்வொரு அடுக்கிலும் ஒரு ஸ்பிரிங் எங்கேயோ பறக்கும். அந்த நரம்பு பிடிக்கிற முள் தேய்ந்துவிட்டால் சுற்றும்போது நரம்பு வழுக்கும். தேய்மானம் வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. மிட்செலில் தேய்ந்தது எதுவோ அது கண்ணுக்குத் தெரியும், அல்லது காதுக்குக் கேட்கும்.

அடுத்தது பாகங்கள். 300 எத்தனை வருஷம் செய்யப்பட்டதோ, எத்தனை உடைந்த 300 பரணில் கிடக்கிறதோ, அதெல்லாம் உங்கள் உதிரிப்பாகக் கிடங்குதான். ஸ்பூல்கள் பல வருஷத்து மாடல்களுக்குள் மாற்றிப் போடலாம், 410-ன் ஸ்பூலும் பொருந்தும். உள் கியர் மட்டும் அப்படி இல்லை. ஆரம்ப மாடலுக்கும் பிந்திய மாடலுக்கும் அமைப்பு மாறியது. உடம்பில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்து, அதே காலத்து ரீலிலிருந்து எடுப்பது நல்லது.

இவ்வளவு புகழ்ந்தாலும் 300-ல் குறை இருக்கிறது. பெயில் ஸ்பிரிங் பலவீனம். உலோகம் களைத்து ஒரு நாள் சட்டென்று உடையும், அன்று முழுக்கப் பெயிலைக் கையால் மூட வேண்டியதுதான். அது தவிர, ஸ்பூல் சுழலிக்குள் உட்கார்ந்திருக்கும், இன்றைய ரீல்களில் ஸ்பூலின் விளிம்பு கீழே இறங்கிச் சுழலியை மூடுகிற பாவாடை அமைப்பு கிடையாது. நரம்பு தளர்ந்தால் ஸ்பூலுக்கு அடியில் நழுவி அச்சில் சுற்றிக்கொள்ளும். ஆகவே பிரெய்டு, அதாவது பின்னல் நரம்பு, போடாதீர்கள். மெல்லிய பிரெய்டுக்கு அந்த இடுக்கு ஒரு அழைப்பிதழ். மேலும் ராடின் பழைய வழிகாட்டி வளையங்களிலும் பெயில் உருளையிலும் பிரெய்டு பள்ளம் போட்டுவிடும். சாதாரண நைலான் நரம்பு, ஸ்பூல் விளிம்புக்குச் சற்றுக் கீழே வரை. அதற்கென்றே செய்த ரீல் இது.

இடதுகையால் சுற்றுவதா வலதுகையா என்பதையும் வாங்கும்முன் பாருங்கள். 300 என்றால் இடதுகை, வலதுகைக்கு 301 என்று தனி மாடல். இன்றைய ரீல் மாதிரி கைப்பிடியை இப்பக்கம் அப்பக்கம் மாற்ற முடியாது. இதைக் கவனிக்காமல் வாங்கிவிட்டு விற்க அலைபவர்கள் நிறைய.

கடலுக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வதில் அவ்வளவு பலம் இல்லை. என் 300 பெரும்பாலும் நன்னீரிலேயே வேலை செய்தது. உப்பு பட்ட பழைய ரீல்களை வாங்கிப் பார்த்திருக்கிறேன். அலுமினிய உடம்பில் வெள்ளைப் பொடி பூத்து, திருகு உள்ளேயே இறுகி, சுத்தம் செய்யவே முடியாமல் போனவை உண்டு. உப்புத்தண்ணீருக்கு மலிவு விலையில் பழையது வேண்டுமென்றால் பிலடெல்பியாவில் செய்த பென் ஸ்பின்ஃபிஷர் 700 வரிசை, பச்சை நிறத்தில் வருமே, அதைத்தான் தேடுவேன். கனம் அதிகம், வார்ம் கியர் (திருகு வடிவக் கியர்), உப்புக்கென்றே கட்டியது. பென்னின் பாகங்களும் வெகுகாலம் தொடர்ந்து கிடைத்தன. ஜெர்மனியின் டாம் க்விக் ரீல்களும் வார்ம் கியர்தான், சுற்றினால் வெண்ணெய். ஆனால் எனக்குக் கிடைத்தது இரவல் வாங்கிய ஒன்று மட்டும், கொஞ்ச நாள்தான் வைத்திருந்தேன். பாகம் தேடுவது 300-ஐவிடக் கடினம் என்கிற அளவில் நிறுத்திக்கொள்கிறேன்.

ராட் விஷயத்தில் தடுமாற்றமே இல்லை. கண்ணாடியிழை ராட் எடுங்கள். பிளந்த மூங்கில் ராட் அழகுதான், ஆனால் பசை விட்டுப் பிரிவதும் உலோக இணைப்பு ஆட்டம் காண்பதும் சகஜம், மலிவு ராடுக்குச் சரிசெய்கிற செலவு கட்டாது. 1976-ல் ஷேக்ஸ்பியர் கொண்டுவந்த அக்லி ஸ்டிக் மாதிரி ராடுகள் பயங்கரமாக வளையும், உடையாது. பழைய டிராக் இன்றையதைப்போலச் சீராக விடாது, முதலில் இறுகிப் பிறகு சட்டென்று விடும். அந்த உதறலை மென்மையான ராடும் நீளுகிற நைலானும் சேர்ந்து தாங்கிக்கொள்ளும். விறைப்பான புது கார்பன் ராடில் இதே ரீலை மாட்டினால் மீன் போகும், அல்லது நரம்பு போகும்.

திரும்ப விற்கிற கணக்கோடு வாங்குகிறவர்கள் கொஞ்சம் யோசியுங்கள். எல்லோரிடமும் இருக்கிற பொருளுக்கு விலை ஏறாது. பெட்டியும் கூடுதல் ஸ்பூலும் இருந்தால் ஓரளவு தேறும், அவ்வளவுதான். லூர்களில் இந்தச் சிக்கல் இன்னும் அதிகம். துருப்பிடித்த தூண்டில் முள்ளை மாற்றினால் சேகரிப்பாளர் மதிக்கமாட்டார், மாற்றாவிட்டால் மீன் நிற்காது. போதாக்குறைக்குப் பழைய பெட்டிகளில் ரப்பர் புழுக்கள் உருகி, பிளாஸ்டிக் தட்டையும் பக்கத்தில் இருந்த நல்ல லூரின் பெயின்ட்டையும் சேர்த்துத் தின்றிருக்கும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியதும் அதிகம் இல்லை. ராடில் உட்காரும் கால் பகுதியில் விரிசல் இருக்கக் கூடாது. பெயிலைத் திறந்து கைப்பிடியைச் சுற்றினால் அது டக்கென்று மூட வேண்டும். கைப்பிடி கனமாகச் சுற்றினால் பயப்படாதீர்கள், காய்ந்த கிரீஸ். கரகரத்தால் யோசியுங்கள், சீராக ஒரே இடத்தில் தட்டினால் விட்டுவிடுங்கள், கியர் பல் போயிருக்கும். வாங்கிய ரீலைப் பத்திரப்படுத்தும்போது டிராக்கை முழுக்கத் தளர்த்திவிடுங்கள், இல்லையென்றால் வாஷர் அமுங்கி ஒட்டிக்கொள்ளும். அப்புறம், ஓடாத 300 ஒன்று கண்ணில் பட்டால் அதையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள், அதன் பெயில் ஸ்பிரிங் நன்றாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு.