மாத்திரை வாசலுக்கு வருகிறது, பரிசோதனைக்குத்தான் பஸ் ஏற வேண்டும்: பென்னாகரத்தில் மூன்று வாரம்

சிங்கப்பூரிலிருந்து பெங்களூரு வழியாகத் தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரம் அருகிலுள்ள எங்கள் ஊருக்குப் போய்ச் சேர்ந்த மறுநாள் காலையில், தோளில் பையோடு ஒரு பெண் வாசலில் நின்று அம்மாவை அழைத்தார். அவர் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் தன்னார்வலர், பக்கத்துத் தெருக்காரர்தான். இரத்த அழுத்தம் பார்த்து, விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்த்து, மாத்திரைகளை எண்ணிக் கொடுத்துவிட்டு, "ராத்திரி மாத்திரைய விட்றாதீங்க அத்தை" என்று சொல்லிப் புறப்பட்டார். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டு, 2024-இல் தொற்றா நோய்களுக்கான ஐ.நா. பணிக்குழுவின் விருதையும் பெற்ற தமிழக அரசின் திட்டம் இது. எனக்கோ, போன வருடம் வரை மாத்திரைக்காக அரை நாள் வரிசையில் நின்ற அம்மா திண்ணையை விட்டு எழாமலேயே அதை வாங்கிக்கொண்டதுதான் பெரிதாகப் பட்டது.

மூன்று மாதச் சர்க்கரை அளவையும் கண்ணின் விழித்திரையையும் பார்க்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னபோதுதான் கதை மாறியது. முதல் பஸ்ஸைப் பிடித்து ஓர் அரசு மருத்துவமனைக்குப் போய், ஓபி சீட்டு வாங்கி, இரத்தம் கொடுத்து முடித்தபோது மதியமாகிவிட்டது. முடிவை மறுநாள் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். எல்லாமே இலவசம், ஊழியர்களும் கனிவாகவே பேசினார்கள். ஆனால் எங்கள் அருகில் அமர்ந்திருந்த, மலையிலிருந்து இறங்கி வந்த அம்மாள், "நாளைக்கும் வந்தா இன்னொரு நாள் கூலி போயிருமுங்க" என்று சொல்லி, சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

மருத்துவமனைப் பதிவேட்டில் அவர் வந்தவராகவே இருப்பார். ஏற்றத்தாழ்வை ஆராய்பவர்கள் இப்படி முடிவை வாங்காமல் போனவர்களையும், அவர்கள் இழந்த கூலியையும், ஊருக்கும் மருத்துவமனைக்கும் இடையிலான பஸ் நேரத்தையும் எண்ணினால்தான் உண்மை தெரியும் என்பது என் எண்ணம். துணை சுகாதார நிலையத்திலேயே இரத்தம் எடுத்து அனுப்பி, முடிவைத் தொலைபேசியில் சொல்லலாம். விழித்திரையைப் படமெடுக்கும் கருவியைச் சந்தை நாளில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுவரலாம். மருந்தைப் பொறுத்தவரை, 1995 முதல் அரசின் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாகக் கொள்முதல் செய்து மாவட்டக் கிடங்குகள் வழியாக அனுப்பி வருகிறது. அதே ஒழுங்கு பரிசோதனைக்கும் ஏன் கூடாது?

தேவையானது மக்களைத் தேடி வருவது எங்கள் வட்டாரத்துக்குப் புதிய பாடமும் அல்ல. ஃப்ளூரைடு மிகுந்த போர்த் தண்ணீரைக் குடித்து வளர்ந்ததால் என் முன்பற்களில் பழுப்புக் கோடுகள் உண்டு. சிங்கப்பூர்ப் பல் மருத்துவர் ஒவ்வொரு முறையும் அதைப் பற்றி விசாரிப்பார். ஜப்பானியக் கடனுதவியுடன் கட்டப்பட்டு 2013-இல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் தண்ணீரில் வளர்கிற தம்பி மகளுக்கு அந்தக் கோடுகள் இல்லை. அதற்காக யாரும் ஒரு நாள் கூலியை இழக்கவில்லை. குழாய் தெருவுக்கு வந்தது.

அம்மாவின் கண் பரிசோதனைக்கு அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள். நான் அதற்குள் சிங்கப்பூர் திரும்பிவிடுவேன் என்பதால், தம்பி அன்றைக்கு வேலைக்கு விடுப்புச் சொல்லியிருக்கிறான்.