வயர்லெஸ் எக்ஸ்ரே பேனல்: படம் அருமை, பேட்டரிதான் தலைவலி

எட்டு மாதமாகக் காசநோய் முகாம்களுக்கு ஒரு 14×17 இன்ச் வயர்லெஸ் எக்ஸ்ரே பேனலை (ஃபிலிமுக்குப் பதிலாக வைத்து, படத்தை வைஃபையில் அனுப்பும் பலகை) தூக்கிக்கொண்டு அலைகிறேன். கம்பெனி பெயர் வேண்டாம்.

படத்தில் குறையே சொல்ல முடியாது. உள்ளே இருப்பது சீசியம் அயோடைடு, ஊசி ஊசியாக வளர்த்த படிகம். எக்ஸ்ரே பட்டதும் எழும் வெளிச்சம் அதிகம் சிதறாமல் ஊசி வழியாகவே கீழே அதை மின்சிக்னலாக்கும் சிலிக்கானுக்கு இறங்கிவிடுவதால், விலா எலும்புக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் சின்ன நிழல்கூடத் தெரிகிறது. பழைய முறையில் படம் பதிந்த கேசட்டும் கையுமாக, அதைப் படிக்கும் ரீடர் மெஷினுக்கு ஓடியவனுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

ஆனால் பேட்டரி! போன மாதம் ஒரு மலைக் கிராமத்தில், வரிசையில் இன்னும் பதினைந்து பேர் நிற்கும்போது பேனல் படுத்துவிட்டது. கரண்டும் இல்லை, மாற்று பேட்டரியை நான் சார்ஜ் போடவும் இல்லை (அது என் தப்பு). "ஏன் கண்ணு, இதுக்குப் பசி தாங்காதோ?" என்றார் ஒரு பாட்டி.

திரும்பி வந்து புலம்பினால், பயோமெடிக்கல் நண்பன் ஒருவன் "ஃபெரோஎலக்ட்ரிக் பெரோவ்ஸ்கைட் வந்தா பேட்டரியே வேணாம்டா" என்றான். தேடிப் படித்தேன். பெரோவ்ஸ்கைட் என்பது எக்ஸ்ரேயை நேரே மின்னூட்டமாக்கக்கூடிய ஒரு படிக வகை. அதில் ஃபெரோஎலக்ட்ரிக் ரகத்துக்குள் பிளஸ் ஒரு பக்கமும் மைனஸ் ஒரு பக்கமும் இயல்பாகவே ஒதுங்கி நிற்கின்றன. எக்ஸ்ரே கிளப்பிவிடும் மின்னூட்டங்களை அந்த உள்மின்புலமே பிரித்து இழுத்துவிடும், வெளியிலிருந்து வோல்டேஜ் தர வேண்டாம். மார்பக எக்ஸ்ரே எடுக்கும் மேமோகிராம் மெஷினில், இதே வேலையைச் செய்யும் செலீனியம் தகட்டுக்கு ஆயிரக்கணக்கில் வோல்ட் கொடுப்பதை நினைத்தால் இது லேசுப்பட்ட விஷயம் இல்லை. சாதாரண பெரோவ்ஸ்கைட்டுக்கு வோல்டேஜ் கொடுத்தால் உள்ளே அயனிகளே நகர ஆரம்பித்து சிக்னல் ஓரிடத்தில் நிற்காது, அந்தத் தொல்லையும் குறையும்.

சரி, என் பேட்டரிப் பை ஒழியுமா? ஒழியாது. பேட்டரியைக் குடிப்பது படிகம் இல்லையே! 140 மைக்ரான் பிக்சல் என்றால் இந்த அளவுப் பேனலில் எழுபது லட்சத்துக்கு மேல் பிக்சல். அத்தனையையும் படித்து எண்ணாக்கும் சிப்புகளும் வைஃபையும்தான் குடிக்கின்றன. அப்புறம், இதை ஒற்றைப் படிகமாக வளர்ப்பது பெரும்பாலும் விரல்நகம் அளவு, நெஞ்சுப் படத்துக்கு வேண்டியது 35×43 செ.மீ. பல வகைகளில் ஈயம் வேறு இருக்கிறது, ஈரமும் ஆகாது.

அதனால் இப்போதைக்கு வாங்குகிறவர்கள் பேரம் பேசும்போதே மூன்று பேட்டரி கேளுங்கள், ஜீப்பில் சார்ஜ் ஏறுமா என்று அங்கேயே போட்டுப் பாருங்கள். நான்கு ஸ்டார். ஐந்தாவதைப் பாட்டி பிடித்துக்கொண்டார்.